முப்பத்து மூன்றாவது கூண்டு

வீரம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாய் அடுக்குமாடி வீடுகளில் யாரைக் கேட்டாலும், முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம்தான் சொல்வார்கள். காம்பார் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு மூத்திரம் எடுத்துவிடுகிறாள். கோயில் அன்னதானத்தில் ஒருத்தி இதைச் சொல்லி இளித்தபோது வீரம்மா கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆமா, எடுக்குறேன். அதுக்கென்ன இப்போ? நீ உன் வீட்டு எலிக்கு வெஷம் வெக்கிற, நான் வைத்தியம் பாக்குறேன். புண்ணியம் யாருக்குன்னு அம்மன் முன்னாலயே கேட்டுருவோமா?”

அன்றிலிருந்து அவள் முகத்துக்கு நேரே யாரும் சிரிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

வேலை இதுதான். முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களுக்கு ஒரு மருந்து தேடுகிறார்கள். அதை மனிதனுக்குக் கொடுக்கும் முன்னால் எலியிடம் சோதிக்க வேண்டும். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, நடுமுதுகில் அளந்து ஓர் அடி. அது கண் விழிக்கும்போது பின்னங்கால் இரண்டும் செத்திருக்கும். பிறகு அடிபட்ட இடத்தில் பசைபோல ஒரு மருந்தை வைப்பார்கள். வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். உடம்பே சுரக்கிற ஒரு புரதம்தான். அறுந்துபோன நரம்பு இழைகளை மறுபடி வளரத் தூண்டும் என்பது நம்பிக்கை. பாதி எலிகளுக்கு மருந்து கலந்த பசை, மீதிப் பாதிக்கு வெறும் பசை. ஆறு வாரம் கழித்து எந்தப் பாதி நன்றாக நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

காலோடு சேர்ந்து எலியின் மூத்திரப்பையும் செயலிழந்துவிடும். காலையும் மாலையும் ஒருவர் அதைக் கையில் பிடித்து, அடிவயிற்றை விரலால் தடவி, பையைக் கண்டுபிடித்து, பதமாக அழுத்தி எடுத்துவிட வேண்டும். அழுத்தம் கூடினால் பை கிழிந்துவிடும். குறைந்தால் மிச்சம் உள்ளே தங்கி, கிருமி பிடித்து, காய்ச்சலில் எலி சுருண்டுவிடும். படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் தாங்காமல் ஓடிப்போனார்கள். வீரம்மா பதினோரு வருஷமாக இருக்கிறாள்.

அவள் கை அப்படி. பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கும்வரை வெட்டினாள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நூலிழை இடத்தில் கத்தியை நிறுத்தத் தெரிந்த கை. கட்டையில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கிற தண்டலிடம் ஏச்சு. எலி வயிறும் அதேபோல்தான் என்பாள். பாவம் என்று ஒவ்வொரு எலியிடமும் சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பாள். சொன்னால் எலிக்குப் புரியுமா என்று யாராவது கேட்டால், “எனக்குப் புரியுதுல்ல?” என்று திருப்பிக் கேட்பாள்.

இந்த வேலையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இன்னொரு காரணம் வீட்டில் படுத்திருந்தது. தம்பி சுரேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியோடு வளைவில் உருண்டான். கழுத்து எலும்பு. கையைத் தூக்க முடியும், விரல் எதையும் பிடிக்காது. அவனுக்கும் எலிகளைப்போலத்தான், மூத்திரத்தைக் குழாய் போட்டு இன்னொருவர்தான் எடுத்துவிட வேண்டும். விடியலில் வீரம்மா எடுப்பாள். பகலில், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு கருப்பம்மாள். மாலையில் மறுபடி வீரம்மா. காம்பாரிலிருந்து தன் பழைய மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு அவள் வந்து சேரும்வரை அவன் அடிவயிறு உப்பிக் கிடக்கும்.

வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, “உன் புள்ளைங்க எப்படி இருக்குக்கா?” என்பதுதான். எலிகளைத்தான் கேட்கிறான்.

மருந்து பலித்தால் அடுத்தது மனிதர்களுக்கு என்று டாக்டர் மாதுமை சொன்ன நாளிலிருந்து அவன் கண்ணில் ஒரு வெளிச்சம். டாக்டர் மாதுமைதான் அந்த ஆராய்ச்சியின் தலைவி. ஈப்போவில் மூன்று தலைமுறையாக டாக்டரும் வக்கீலுமாக இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம். நல்லவர், ஆனால் வீரம்மாவிடம் பேசும்போது பாதிப் பார்வை கணினியில்தான் இருக்கும். ஆறு வருஷமாக இந்த ஒரே மருந்தைக் கட்டிக்கொண்டு அழுதவர். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்த நாளும் வந்தது.

முப்பத்திரண்டு எலிகள். நாலு தட்டு, தட்டுக்கு எட்டுக் கூண்டு. மேல் இரண்டு தட்டில் மஞ்சள் சீட்டு ஒட்டிய கூண்டுகள், கீழ் இரண்டு தட்டில் பச்சைச் சீட்டு. பசை மாறிப்போகாமல் இருக்க அப்படிப் பிரித்து வைக்கச் சொன்னவர் டாக்டர்தான். எந்த நிறம் மருந்து என்பது வெளியாள் ஒருவர் ஒட்டிய உறைக்குள் இருந்தது. உள்ளே யாருக்கும் தெரியாது. ஆறாவது வாரம், ஆராய்ச்சி மாணவி தினேஸ்வரி மிஞ்சிய ஒவ்வொரு எலியையும் குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, நாலு நிமிஷம் பார்த்து மதிப்பெண் போட்டாள். கால் அசையவே இல்லையென்றால் பூஜ்யம், முழு நடைக்கு இருபத்தொன்று. மஞ்சள் எலிகளுக்குப் பன்னிரண்டும் பதிமூன்றும் வந்தன. பச்சைக்கு எட்டைத் தாண்டவில்லை. உறையைப் பிரித்தார்கள். மஞ்சள்தான் மருந்து.

டாக்டர் மாதுமை வீரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அன்று மாலை மோட்டார் பறந்தது. வாசலிலிருந்தே கத்தினாள்: “டேய் சுரேன்! நிக்குதுடா! எலி நாலு கால்லயும் நிக்குதுடா!”

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைத்துக்கொள்ள அவனால் முடியாது, அவள்தான் துடைத்துவிட்டாள். “மொதப் பேரு என் பேரா இருக்கணும்க்கா. டாக்டரம்மாகிட்ட சொல்லிரு,” என்றான்.

மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அது புதிதல்ல, மாதம் தவறாமல் வருவதுதான். குளிரில் பல் அடித்துக்கொள்ள, மூத்திரம் கலங்கி நாறியது. வீரம்மா பயத்தில் ஏச ஆரம்பித்தாள். தண்ணி குடிக்கிறதில்லை, சொன்ன பேச்சு கேட்கிறதில்லை என்று ஒரே புலம்பல். சுரேன் போர்வைக்குள்ளிருந்து சிரித்தான்.

“என்னை ஏன்க்கா ஏசுற? நீ வாரப்பவே ஓய்ஞ்சு போயி வார. அவசர அவசரமா எடுக்குற, பாதிதான் வருது. மிச்சம் உள்ளயே கெடக்கு. அப்புறம் காய்ச்சல் வராம கல்யாணமா வரும்? முப்பத்திரண்டு எலி முடிச்சிட்டு வர்ற கை பாவம் என்ன செய்யும்? நான் உன் முப்பத்து மூணாவது கூண்டுலா.”

வேடிக்கையாகத்தான் சொன்னான். முப்பத்து மூன்றாவது என்றால் கடைசி என்று வீரம்மா நினைத்தாள்.

கடைசிக் கூண்டு. அவளுடைய எலிகளுக்கும் ஒரு கடைசிக் கூண்டு உண்டே! தோட்டத்தில் நிரை பிடித்தால் ஒரு முனையில் ஆரம்பித்து வரிசை மாறாமல் கடைசி மரம்வரை போக வேண்டும். தினமும் அதே முனை, அதே வரிசை. அந்தப் பழக்கம் கையோடு கூண்டுக்கும் வந்துவிட்டது. காலையும் மாலையும் மேல் தட்டு இடது மூலையில் ஆரம்பிப்பாள். கீழ்த் தட்டு வலது மூலையில் முடிப்பாள். மேல் தட்டு எலிகளுக்குப் புதுக் கை. கீழ்த் தட்டுக்கு வருவதற்குள் விரல் மரத்திருக்கும், குந்தி உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும், மாலையானால் தம்பி வயிறு உப்பிக் கிடக்குமே என்று மனசு வீட்டில் இருக்கும். அவசர அவசரமாக, பாதிப் பாதி. தோட்டத்திலும் கடைசி மரங்கள் வெயில் ஏறியபிறகு வெட்டுப்பட்டு எப்போதும் குறைவாகத்தான் பால் கொடுத்தன. மரம் மோசம் என்று யாராவது சொன்னார்களா?

கீழ்த் தட்டு முழுக்கப் பச்சைச் சீட்டு.

மறுநாள் விடிந்ததும் போய்க் கூண்டுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். எந்த எலிக்கு என்றைக்கு மூத்திரம் கலங்கியது, என்றைக்கு இரத்தம் வந்தது என்று அவள் கையாலேயே குறித்தவை. மஞ்சளில் இரண்டு எலிக்கு நோய் கண்டிருந்தது. பச்சையில் பதினொன்றுக்கு, அதில் ஆறு செத்தும் போயிருந்தன.

சீட்டுகளோடு போய் அவள் சொன்னதை டாக்டர் மாதுமை கேட்டுவிட்டுக் கணினியிலிருந்து தலையைத் திருப்பினார். “நீங்கள் என்ன சொல்ல வாறீங்கள், வீரம்மா? மருந்து வேலை செய்யேல்லையா?”

“செய்யுதோ இல்லையோ, எனக்குத் தெரியாது டாக்டர். உங்களுக்கும் தெரியாது. காய்ச்சல்ல கெடக்குற எலி காலத் தூக்குமா? பச்ச எலிங்க நடக்காததுக்கு என் கைதான் காரணம்னு சொல்றேன்.”

“இது புள்ளிவிவரம். உங்களுக்கு விளங்காது. வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலயிருந்து மருந்துக் கம்பெனிக்காரர் வருகினம். தயவுசெய்து வேலையைப் பாருங்கோ.”

விளங்காதாம்! வீரம்மாவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்தாள். காரணம் டாக்டரல்ல, சுரேன். இதைச் சொல்லிக் கெடுத்தால் கெடுவது அவன் கால்.

அவனிடமே சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

“சும்மா இருக்கா. ஒம்பது வருசத்துல ஒரே ஒரு கதவு தொறந்திருக்கு. அதையும் உன் வாயால சாத்திறாத.”

“அது கதவே இல்லடா. செவுத்துல வரஞ்ச கதவு. உன் கழுத்த அறுத்து உள்ள மருந்த வெச்சு, ஒண்ணுமில்லன்னு ஆனா என்னடா பண்ணுவ? கைல மிச்சமிருக்குற அசைவும் போயிருச்சுன்னா?”

“போனா என் கைதானே போவும்! உனக்கென்ன?”

“எனக்கென்னவா? உன்னைத் தூக்கிச் சொமக்குறது எவடா, உன் பொண்டாட்டியா?” என்று கத்திவிட்டாள். அவனுக்கு மனைவி இல்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அடிபட்ட மறு மாதம் அதுவும் நின்றுபோனது. சொன்ன மறு நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அவனால் முடிந்த கதவடைப்பு.

அந்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சில்லை. வேலையை விட்டு நின்றுவிடலாமா, கண்டும் காணாமல் இருந்துவிடலாமா என்று வீரம்மா ஆயிரம் நினைத்தாள். கடைசியில் ஒன்றுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. சுரேனைப்போல எத்தனை பேர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள்? அவர்களுடைய முதுகையெல்லாம் அறுக்கப்போவது அவளுடைய அலுத்த கையை நம்பி. சீ, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், ஆராய்ச்சிக்கூட இயக்குநர், டாக்டர் மாதுமை, தினேஸ்வரி. திரையில் மஞ்சள் கோடு மேலே, பச்சைக் கோடு கீழே. வீரம்மா ரப்பர் செருப்போடு உள்ளே வந்தாள். தேநீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து ஒருவர் கோப்பையை நகர்த்தி இடம் கொடுத்தார். அந்த இடத்தில் அவள் முப்பத்திரண்டு சீட்டுகளையும் தட்டு வரிசைப்படி அடுக்கினாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில்தான் பேசினாள்.

“நான்தான் இந்த எலிகளைப் பார்த்துக்கொண்டவள். சிவப்புக் கோடு போட்டது நோய் கண்ட எலி. பெரும்பாலும் கீழேயே இருக்கிறது, பாருங்கள். நான் தினமும் மேலிருந்து கீழே போனேன். மேலே நன்றாகச் செய்தேன், கீழே அரைகுறையாகச் செய்தேன். உங்கள் மருந்து மேலேதான் இருந்தது.”

“வீரம்மா, வெளியில போங்கோ,” என்றார் டாக்டர் மாதுமை. 

வீரம்மா தமிழுக்குத் திரும்பினாள். “போறேன் டாக்டர். தட்டு பிரிச்சது உங்க தப்பு. நெரை புடிச்சது என் தப்பு. ரெண்டு தப்பும் சேந்துதான் அந்த எலி நடந்துச்சு. என் தப்ப நான் சொல்லிட்டேன். உங்க தப்ப நீங்க சொல்லுங்க.”

இயக்குநர் தினேஸ்வரியைப் பார்த்தார். அந்தப் பெண் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவை சரியானவைதான், ஒவ்வொன்றும் அன்றன்றைக்கே குறித்தவை என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனிக்காரர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: அனுமதியின்றிக் கூட்டத்தில் நுழைந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? வீரம்மா இரண்டு வரியில் பதில் எழுதினாள். நான் சொன்னது உண்மை. இன்னொரு தடவை கூட்டம் நடந்தால் இன்னொரு தடவையும் சொல்வேன். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூண்டு கழுவப் போய்விட்டாள். வேலை போனால் போகட்டும். மரத்துப் பால் பிடிக்கிற மங்கு கழுவிய கைக்குச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவவா தெரியாது?

வேலை போகவில்லை. வியாழக்கிழமை டாக்டர் மாதுமையே எலி அறைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார்.

“நோய் வராத எலிகளை மட்டும் எடுத்து மறுபடி பார்த்தனான். வித்தியாசம் அரைவாசிகூட இல்லை, வீரம்மா. திரும்பச் செய்யவேணும். முதல்ல இருந்து.”

“செய்வோம் டாக்டர். ஆனா நான் சொல்ற மாதிரி.”

“சொல்லுங்கோ.” இந்தத் தடவை அவர் கண் வேறெங்கும் போகவில்லை.

“ரெண்டு நெறத்தையும் எல்லாத் தட்டுலயும் கலந்து வெக்கணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெனமும் சீட்டுக் குலுக்கிப் போடணும். ஒரு கை பத்தாது, ரெண்டு ஆளு வேணும். அப்புறம், நான் எட்டு மணிக்குத்தான் வருவேன், அஞ்சு மணிக்குக் கெளம்பிருவேன். என் மொதக் கூண்டு வீட்டுல இருக்கு.”

டாக்டருக்குச் சுரேனைப் பற்றி அன்றுதான் தெரியும். பதினோரு வருஷம் பக்கத்தில் வேலை செய்தும் கேட்டதில்லை. வீரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். “இப்பிடி ஒரு தம்பி இருந்துமா அண்டைக்குக் கூட்டத்துக்குள்ள வந்தனீங்கள்?” என்றார் டாக்டர்.

“அதனாலதான் வந்தேன்.”

மறுபடி முப்பத்திரண்டு எலிகள் வந்தன. தினமும் ஒரு டப்பாவில் சீட்டைக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். தினேஸ்வரி மதிப்பெண் போடுவதை இன்னொரு மாணவரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டாவது கையாக வந்தாள். முதல் வாரம் மூன்று தடவை ஓவென்று அழுதாள், நாலாவது வாரம் வீரம்மாவையே முந்தினாள். வீட்டில் சுரேன் வேண்டியதை மட்டும் பேசினான். வீரம்மாவும் கெஞ்சவில்லை. காலையில் அவசரமில்லாமல் குழாய் போட்டு முழுசாக எடுத்தாள், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வந்து முழுசாக எடுத்தாள். கோபம் கோபமாக இருக்கட்டும், மூத்திரம் மூத்திரமாக வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

உறையைப் பிரித்த நாளில் அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள். மருந்து வைத்த எலிகளுக்குப் பதினொன்று. வெறும் பசை வைத்த எலிகளுக்கும் பதினொன்று. மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

“ஆறு வருஷம், வீரம்மா,” என்றார் டாக்டர் மாதுமை. அவ்வளவுதான் சொன்னார். வீரம்மா அவர் தோளைத் தொட்டாள். தொடலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை.

அன்று மோட்டார் மெதுவாகத்தான் வந்தது. வாசலில் கத்தவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். சுரேன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அழுவான், ஏசுவான், எதற்கும் தயாராக இருந்தாள்.

“இந்தத் தடவ எத்தன எலிக்கா செத்துச்சு?”

“ஒண்ணுகூட இல்லடா.”

“முன்ன?”

“ஆறு. எல்லாம் கீழ்த்தட்டு.”

அவன் பிறகு கேட்டான்: “எனக்குக் கடைசியா எப்பக்கா காய்ச்சல் வந்துச்சு?”

வீரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சீட்டுக் குலுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்தது. அப்புறம் வரவே இல்லை. நாலு மாதம். ஒன்பது வருஷத்தில் நாலு மாதம் சேர்ந்தாற்போல் அவன் காய்ச்சலில்லாமல் இருந்ததே கிடையாது. வந்தால்தானே தெரியும், வராததை அவள் கவனிக்கவே இல்லை.

“பாத்தியா? மருந்துதான் தோத்துச்சு. நாம தோக்கல.” சுரேன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். “உன் டாக்டரம்மாகிட்ட அடுத்த மருந்தக் கொண்டாரச் சொல்லு. அதையும் நல்லா தட்டிப் பாரு, பொய்யா இருந்தா தூக்கிப் போடு. அதுக்கடுத்தது வரட்டும். நான் எங்கக்கா ஓடிறப் போறேன்?”

வீரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வாய்க்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல,” என்றாள்.

“உன் தம்பிலா.”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, புதுக் குழாயைப் பிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கடைசிச் சொட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை.